இந்தத் தை மாதம் சேகர் புடவை காட்டவில்லை

1

இந்த வருஷம் சேகர் புடவை காட்டவில்லை.

சேகர் என் தம்பி. காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் விற்பனையாளன். ஒரு தை மாதம், பொங்கல் கழிந்த வாரத்தில், நான் ஊரைவிட்டுக் கிளம்பி நெதர்லாந்துக்கு வந்தேன். அந்த நாளை நான் மறந்தாலும் அவன் மறப்பதில்லை. மதியச் சாப்பாடு முடிந்து கடை கொஞ்சம் ஓயும் நேரத்தில் வீடியோவில் கூப்பிடுவான். எனக்கு அப்போது காலை. "அக்கா, நீ கெளம்பின நாளு இன்னிக்கு. எந்தக் கலரு?" என்பான். நான் வேண்டாம் என்பேன். பாதி வருஷம் கோட்டுக்குள்ளேயே கிடக்கிறேன், பட்டை எங்கே கட்டுவது என்பேன். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அவன் எழுந்து நிற்பான்.

அவன் எழுந்து நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சேகரைப் பார்த்திருக்காவிட்டால் அவனைப் போல இன்னொருவரை. வெள்ளை விரித்த மெத்தைமேல் நின்று, பேண்ட் இடுப்பில் புடவையின் ஒரு முனையைச் செருகி, விரல்களால் விறுவிறுவென்று கொசுவம் பிடித்து, முந்தானையை இடது தோளில் எறிந்து, லேசாக ஒரு பக்கம் திரும்பி நிற்பார்கள். மீசை இருக்கும். சட்டைப்பையில் பேனா இருக்கும். எதிரே கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் பெரியம்மாக்களும் உட்கார்ந்து, அந்த ஆண் உடம்பின் மேல் தங்கள் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். சின்ன வயதில் சேகருக்கு முதல் நாள் வேலை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவன் தோளை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டான். "என்னாடா?" என்றேன். "இன்னும் இருக்கற மாதிரியே இருக்குதுக்கா" என்றான். அப்புறம் பழகிவிட்டது. அவன் தோளில் போட்டால் எந்தப் புடவையும் விற்கும் என்று முதலாளியே சொல்வார்.

இந்த வருஷம் அந்த நாள் வந்தது. அலுவலக மேஜையில் கைப்பேசியை திரை மேலே தெரிய வைத்திருந்தேன். காப்பி ஆறியது. மதியம் ஆனது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதை நான் சொல்லியாக வேண்டும்: வலிக்கவில்லை. இங்கே ஜனவரியில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனால் கையுறைக்குள் விரல்கள் முதலில் எரியும், பிறகு கடுக்கும், பிறகு உங்களுடையவை இல்லாமல் போய்விடும். பிரேக் பிடித்திருக்கிறோமா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று முழுக்க அப்படி இருந்தேன்.

ஏன் கூப்பிடவில்லை என்று தெரியும். அதற்கு முந்தைய சனிக்கிழமை நடந்தது அது. அதைச் சொல்வதற்கு முன் என் வேலையைச் சொல்ல வேண்டும்.

2

லெய்டன் நகரத்தில் ஒரு மருத்துவப் பதிப்பகத்தில் இருக்கிறேன். பதிப்பகத்தில் வேலை என்றதும் ஊரில் எல்லோரும், "அப்ப உன் கவிதைய நீயே போட்டுக்கலாம்" என்கிறார்கள். எங்கள் பதிப்பகத்துக்குக் கவிதை ஆகாது. மருத்துவர்கள் மருத்துவர்களுக்கு எழுதும் ஆய்விதழ்களை வெளியிடுகிறோம். இங்கே வருவதற்கு முன் சென்னையில் ஓர் அச்சுக்கோப்பு நிறுவனத்தில் இதே மாதிரி இதழ்களுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். காலை ரயிலில் போய் இரவு ரயிலில் திரும்புவேன். கமாவைப் பிடித்துக்கொண்டே கடல் தாண்டியவள் என்று என் கணவர் கேலி செய்வார்.

சில வருஷங்களாக எங்கள் பதிப்பகம் முக்கியமான துறைகளில் குடும்பங்களுக்கான சுருக்கம் ஒன்றையும் கொண்டு வருகிறது. இரண்டு பக்கம். மருத்துவம் படிக்காத அம்மா அப்பாவுக்குப் புரிய வேண்டும். ஐரோப்பாவில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய என்பதால் தமிழிலும் உண்டு. அது என் பொறுப்பு. ஆஸ்துமா எழுதினேன். வலிப்பு எழுதினேன். பிள்ளைகளுக்கு வரும் சர்க்கரை நோய் எழுதினேன். போன இலையுதிர் காலத்தில் என் மேலதிகாரி மார்லூஸ் அடுத்த தலைப்பைக் கொடுத்தாள்: பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினம் தன்னுடையது இல்லை என்று சொல்லும் இளையோருக்கான மருத்துவம்.

என் மேஜைக்கு வரும் கட்டுரைகளில் இந்தத் துறையுடையவைதான் அதிகம் சண்டை போடுகிறவை. ஒரு குழு பயன் தெரிகிறது என்கிறது. இன்னொரு குழு சான்று போதவில்லை, பொறுங்கள் என்கிறது. ஒரு நாடு கதவைத் திறக்கும்போது பக்கத்து நாடு பாதி சாத்துகிறது. கட்டுரை எழுதியவரும் அதை மதிப்பிடுகிறவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் பதில்களில் மரியாதை பனிக்கட்டி போல விறைத்துப்போய் இருக்கும். யார் சொல்வது சரி என்று தீர்ப்பு சொல்வது என் வேலை இல்லை. சண்டை இருக்கிறது என்பதை மறைக்காமல், பயமுறுத்தாமல், ஆசை காட்டாமல், இரண்டு பக்கத்துக்குள் சொல்ல வேண்டும். 'கூடும்' என்ற சொல்லை வாழ்க்கையில் அவ்வளவு தடவை எழுதியதில்லை. உதவக்கூடும். மாறக்கூடும். பிற்பாடு வருந்தக்கூடும். நிம்மதி அடையக்கூடும்.

தமிழ் எனக்கு உதவவில்லை. நான் வளர்ந்த தெருவில் இதற்கு இருந்த சொற்கள் எல்லாம் வசவுகள். பள்ளிக்கூடப் பையன்கள் ஒருவனை ஒருவன் அடிக்கப் பயன்படுத்தியவை. பிற்பாடு வந்த நல்ல சொற்கள் வளர்ந்தவர்களைக் குறித்தன. மருத்துவர் முன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடிக்கும் பிள்ளைக்கு அவை தொளதொளவென்று இருந்தன. கடைசியில் 'பிள்ளை' என்றே எழுதினேன். உங்கள் பிள்ளை. அந்தப் பிள்ளை.

ஒரே ஒரு வாக்கியம் என்னை ஒரு வாரம் படுத்தியது. ஆய்வாளர்கள் மற்ற எல்லாவற்றிலும் முட்டிக்கொண்டாலும் ஒரு விஷயத்தில் ஒன்றாக நின்றார்கள். அதை இப்படி எழுதினேன்: 'உங்கள் பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வது உங்களுக்கு எவ்வளவு அதிர்ச்சியாக இருந்தாலும், அப்படிச் சொன்னதற்காக அந்தப் பிள்ளை தன் வீட்டை இழந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் இவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.'

3

எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை இருக்கிறது. சுருக்கம் அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு சாதாரண அம்மாவோ அப்பாவோ அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். படித்ததும் தாளை மூடிவிட்டு, புரிந்ததைத் தன் சொற்களில் சொல்ல வேண்டும். எழுதியவர் எதிரே இருக்கலாம். பேசக் கூடாது. தலையாட்டக் கூடாது. ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்லக் கூடாது. படிப்பவர் எங்கே தடுக்கிறார், எங்கே நிற்கிறார் என்று மட்டும் ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான் சேகரின் மனைவி வளர்மதியைக் கேட்டேன். அவள் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். தினமும் பேப்பர் படிப்பவள். அந்த வயதில் ஒரு பையன் இருக்கிறான், கோகுல். வேறு ஒரு காரணமும் இல்லை.

சனிக்கிழமை. செவிலிமேட்டில் அவர்கள் வீட்டுச் சமையலறை. கைப்பேசியை மிக்ஸிமேல் சாய்த்து வைத்துவிட்டு, நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அனுப்பியதைப் பக்கத்துக் கடையில் அச்செடுத்து வைத்திருந்தாள்.

"பாஸ் பண்ணா இன்னா தருவீங்க அண்ணி?"

"சாக்லேட் டப்பா அனுப்பறேன்."

"அய்யய்யோ, வாணாம். போன வாட்டி ஒரு கறுப்பு முட்டாயி அனுப்புனீங்களே, ஒரே உப்பு. எதிர்வூட்டு நாயி மோந்து பாத்துட்டு என்னைய மொறைச்சுது."

சிரித்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள். நன்றாகப் படித்தாள். பேப்பரில் விபத்துச் செய்தி படிக்கிற குரல். முதல் பக்கத்தில் இரண்டு இடத்தில் குரல் இறங்கியது. குறித்துக்கொண்டேன். இரண்டாம் பக்கத்தில் அந்த வாக்கியத்துக்கு வந்தாள். 'அந்தப் பிள்ளை தன் வீட்டை' என்றவள் நின்றுவிட்டாள்.

நான் பேசவில்லை. முறை அது. தாளின் ஓரத்தில், 'வாசகர் இங்கே நின்றார். வாக்கியம் நீளம். இரண்டாக உடைக்கலாம்' என்று எழுதினேன்.

நிமிர்ந்தபோது அவள் தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி. உங்களுக்கு யாரு சொன்னது?"

"நான் எதுவும் சொல்லக் கூடாது வளரு. நீ புரிஞ்சிக்கினத நீயே உன் வாயால சொல்லு. அதான் முறை."

அலுவலக விதியை அப்படியே தமிழில் சொன்னேன். அவளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று அப்புறம்தான் விளங்கியது. கணவனின் அக்கா, எல்லாம் தெரிந்துகொண்டு, அச்செடுக்கச் சொல்லி ஒரு தாளை அனுப்பி, உன் வாயால் சொல் என்கிறாள்.

சொன்னாள்.

"உங்க தம்பி புள்ளகிட்ட பேசறதே இல்ல அண்ணி. நடுவுல நான் கெடந்து சாவறேன். முடி வளத்துக்கினு இருந்தான். இந்தக் காலத்துப் பசங்க எல்லாந்தான் வளக்கறானுங்கன்னு வுட்டுட்டேன். பாலிடெக்னிக் போறத நிறுத்திட்டான். ஒரு நாளு எம் பக்கத்துல வந்து படுத்துக்கினு, அம்மா நான் பையன் இல்லம்மா, சின்னதுல இருந்தே இல்ல, கோகுல்னு கூப்டாதம்மான்னு அழுவுது. அடிச்சிட்டேன் அண்ணி. அடிச்சிட்டு நானும் அழுவறேன். இவரு அலமாரியில ஒரு சுடிதார பாத்துட்டாரு. போகி அன்னிக்குக் கிழிஞ்ச பாயி, தலகாணியோட அதையும் தூக்கி நெருப்புல போட்டாரு. புதுசு அண்ணி அது. வெலச்சீட்டு கூட கிழிக்கல. பொங்கல் அன்னிக்கு சலூனுக்கு இட்டுக்கினு போயி ஒட்ட வெட்டிக்கினு வந்தாரு."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"இந்தத் தை கடைசி திங்கக்கெழம ஓசூருக்கு அனுப்பறாராம். எங்க அண்ணன் பட்டறைக்கு. நாலு ஆம்பளைங்களோட கெடந்தா சரியாவும்ங்கறாரு. எங்க அண்ணன் எதுக்கெடுத்தாலும் கை நீட்டற ஆளு அண்ணி. அங்க போனா எம் புள்ள உசுரோட திரும்பாது." மூக்கைத் துண்டில் துடைத்தாள். "கோகுல்தான உங்ககிட்ட சொன்னான்?"

"இல்ல வளரு. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"பொய் சொல்லாதீங்க அண்ணி. யாரும் சொல்லாம இத எப்பிடி எழுதுவீங்க? எங்க வூட்டுக்குள்ள உக்காந்துக்கினு எழுதின மாதிரி இருக்குது."

அன்று மாலையே சேகருக்குச் சொல்லிவிட்டாள். உங்க அக்காவுக்கு எல்லாம் தெரியும், ஆபீசு மூலமாகவே எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்று. அவனிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. பின்னணியில் டவுன் பஸ் சத்தம். "எம் வூட்டுக்கு நோட்டீஸ் அனுப்பற அளவுக்குப் பெரிய ஆளாயிட்டியா நீ? எம் புள்ளைய எனக்குப் பாத்துக்கத் தெரியும். நீ உம் புள்ளைய பாரு." அக்கா என்று ஒரு இடத்திலும் இல்லை. அதன் பிறகு என் அழைப்பு எதையும் அவன் எடுக்கவில்லை.

4

என் பிள்ளையைப் பார்த்தேன்.

யாழினிக்குப் பதினாறு. நான் தமிழில் கேட்பேன், அவள் டச்சில் பதில் சொல்வாள். இரண்டும் ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் ஓடுகின்றன, கலப்பதில்லை. அவள் நண்பர்களின் பெயர்களில் எனக்குப் பாதி வாயில் நுழையாது. நான் டச்சு பேசினால் அறையை விட்டுப் போய்விடுவாள். குளிர்கிறது என்று சொல்ல நினைத்து, நான் ஜில்லிட்டுப் போனவள் என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேனாம். பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். யாரும் திருத்தவில்லை. எல்லோரும் அனுதாபமாகத் தலையாட்டியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன்மேல் சாக்லேட் துருவலைத் தூவிக்கொண்டிருந்தாள்.

"கோகுல் உன்கிட்ட ஏதாவது சொன்னானா?"

துருவல் டப்பாவை மூடினாள். "மித்ரா" என்றாள்.

"யாரு?"

"அவ பேரு மித்ரா." இதை மட்டும் தமிழில் சொன்னாள். மற்றதெல்லாம் டச்சில். அவர்கள் இருவரும் ஒரு விளையாட்டுச் செயலியில் தினமும் பேசுகிறார்கள். ரொம்ப நாளாகப் பேசுகிறார்கள். அந்தச் சுடிதாரின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தது யாழினி.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் என்னை நிஜமான குழப்பத்தோடு பார்த்தாள். "நீ அதைப் பத்திதானே மாசக்கணக்கா எழுதிட்டு இருக்க. உனக்குத் தெரியும்னு நினைச்சோம். ரெண்டு பேருமே. அத்தை தெரிஞ்சுதான் எழுதறாங்கன்னு அவ சந்தோஷமா இருந்தா."

சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். படிகளில் துருவல் சிந்திக்கொண்டே போனது. அவ்வளவு நாளும் நான் என் அறையில் உட்கார்ந்து 'உங்கள் பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள்' என்ற வரியின் ஓசையைச் சரி செய்துகொண்டிருந்திருக்கிறேன். மாடியிலிருந்து அவர்கள் சிரிக்கும் சத்தம் வரும். கதவைச் சாத்து என்று கத்துவேன்.

5

திங்கட்கிழமை மார்லூஸிடம் நடந்ததைச் சொன்னேன். மார்லூஸ் நல்லவள். எழுந்து போய் எனக்குத் தேநீர் எடுத்து வந்தாள். கொஞ்ச நேரம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு உட்கார்ந்து, தன் கணினியைத் திறந்து, வருத்தத்தோடு விதியைச் சொன்னாள். படித்தவருக்கும் பொருளுக்கும் நேரடித் தொடர்பு இருந்தால் அந்த வாசிப்பு செல்லாது. எழுதியவருக்குச் சொந்தக்காரர் என்றால் இரண்டு மடங்கு செல்லாது. இதில் எனக்குச் சொந்தத் தொடர்பு உண்டு என்று நான் நலன் முரண் அறிவிப்பு ஒன்றைப் பதிய வேண்டும். வேறு வாசகரைப் பிடிக்க வேண்டும்.

"அவர் படித்ததில் எங்கேயாவது புரியாமல் நின்றாரா?" என்று கேட்டாள். பழக்கதோஷம். கேட்டுவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"புரிந்ததால் நின்றார்" என்றேன்.

அதற்கு அவர்கள் படிவத்தில் இடம் இல்லை. எல்லாவற்றுக்கும் இடம் வைக்கும் தேசம் இது. குப்பைக்கே ஏழு வகை வைத்திருக்கிறார்கள்.

ஓசூருக்கு அனுப்பாமல் தடுக்க என்ன செய்யலாம் என்று மார்லூஸ் கேட்டாள். அங்கே உதவி எண்கள் இருக்குமே, அமைப்புகள் இருக்குமே என்றாள். இருக்கின்றன. தேடி எடுத்து மித்ராவுக்கு அனுப்பியிருந்தேன். யாழினி வழியாகத்தான். 'வச்சுக்கறேன் அத்த' என்று பதில் வந்தது. 'ஆனா நான் ஓடிப்போவல. எங்கம்மா தனியா இருக்கும்.'

அன்றிரவு என் கணவர் டிக்கெட் விலை பார்த்தார். போய் என்ன செய்வாய் என்று கேட்டார். சேகர் கதவைத் திறக்க மாட்டான். திறந்தாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவள் என்று ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்துவிட்டு வெளியே போய்விடுவான். எனக்கு என் தம்பியைத் தெரியும். அவன் வீட்டுக்குள் அவனிடம் பேச முடியாது.

கடைக்குள் முடியலாம்.

6

அவன் வேலை செய்யும் கடைக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கென்று ஒரு எண் இருக்கிறது. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவருக்கு வீடியோவில் புடவை காட்ட வேண்டும். மாட்டேன் என்று ஒரு விற்பனையாளன் சொல்ல முடியாது. முதலாளி கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

மதிய ஓய்வு நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். சேகர் என்பவர் காட்டினால் நன்றாக இருக்கும் என்றேன். "வெளிநாட்டு பார்ட்டி, உங்களத்தான் கேக்கறாங்க அண்ணே" என்று அவள் குரல் கொடுப்பது கேட்டது. கைப்பேசி கை மாறியது. வெள்ளை மெத்தை, மின்விசிறி, பிறகு அவன் முகம். இளைத்திருந்தான்.

என்னைப் பார்த்ததும் அவன் கட்டைவிரல் திரையை நோக்கி நகர்ந்தது. அணைக்கத்தான். அப்போது பின்னாலிருந்து முதலாளியின் குரல் வந்தது. "நல்லா காட்டு சேகரு, முகூர்த்த மாசம்."

விரல் நின்றது.

"வணக்கம் மேடம்" என்றான். "யாருக்குப் பாக்கறீங்க?"

"ஒரு பொண்ணுக்கு. பதினேழு நடக்குது. மொதல் பட்டு."

அவன் கைப்பேசியை ஸ்டாண்டில் பொருத்தினான். அதற்குத் தேவையானதை விட அதிக நேரம் எடுத்துக்கொண்டான். பிறகு, எந்த வாடிக்கையாளரிடமும் அடுத்ததாக என்ன கேட்பானோ அதைக் கேட்டான். இத்தனை வருஷப் பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது.

"பொண்ணு இன்னா நெறம் மேடம்?"

"உங்க நெறந்தான்."

"ஒசரம்?"

"உங்க ஒசரம் இருக்கும். நான் பாத்து நாளாச்சு."

குனிந்து, கைக்கு அகப்பட்ட ஒரு புடவையை உருவினான். அரக்கு, கடுகு மஞ்சள் பார்டர். எழுந்து நின்றான். இடுப்பில் செருகினான், கொசுவம் பிடித்தான், முந்தானையைத் தோளில் போட்டான். அது சரியாக விழவில்லை. அவன் போட்டு ஒரு முந்தானை கோணலாக விழுந்து நான் பார்த்ததில்லை. மெத்தைக்கு எதிர்ச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர்களுக்கானது அது. விற்பனையாளர்கள் அதில் தங்களைப் பார்ப்பதில்லை. பார்த்தால் கூச்சம் வந்துவிடும் என்று அவனே ஒரு தடவை சொல்லியிருக்கிறான். அவன் அந்தப் பக்கம் திரும்பினான். அப்படியே நின்றான்.

நான் பேசவில்லை. எந்த அலுவலகத்து முறையும் எனக்கு இவ்வளவு கடினமாக இருந்ததில்லை.

"இது வாணாம் மேடம்" என்றான், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே.

"ஏன்?"

"அந்தப் பொண்ணுக்கு எடுக்காது. வயசானவங்க மாதிரி காட்டும்." முந்தானையை இறக்கினான். "மொகம் சின்னது அதுக்கு."

முகத்தைப் பற்றி நான் அவனிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

அடுக்கில் தேடினான். இரண்டை எடுத்து வைத்தான், மூன்றாவதை இழுத்தான். மாம்பிஞ்சுப் பச்சை, விரல் அகலத்துக்குச் சின்ன பார்டர். அதைப் போட்டுக்கொண்டு மறுபடி கண்ணாடிப் பக்கம் திரும்பினான். "முடி வேற ஒட்ட இருக்குது இப்ப. இந்த மாதிரி வெளிர் கலருன்னா மொகத்தத் தூக்கிக் குடுக்கும்" என்றான். கடைக்காரக் குரல்தான்.

"இதுவே இருக்கட்டும்" என்றேன்.

"எப்ப வேணும் மேடம்?"

"தை கடைசி திங்கக்கெழமைக்கு முன்னாடி. பொண்ணு ஓசூருக்குப் போவுதுன்னு சொன்னாங்க."

அவன் மடிக்க ஆரம்பித்திருந்தான். ஒரு முனையைத் தாடையால் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கைகளை விரித்து, மடிப்பு மேல் மடிப்பாக. அப்படிப் பிடித்திருக்கும்போது பேச முடியாது. முழுதும் மடித்து முடிக்கும்வரை நான் அவன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நரைத்திருக்கிறது.

"எங்க அனுப்பணும்?"

"செவிலிமேடு."

தாடையை எடுத்தான். புடவையை மடியில் வைத்துக் கையால் ஒரு தடவை நீவினான்.

"செவிலிமேட்டுக்குக் கொரியர் எதுக்கு" என்றான். "நானே எடுத்துக்கினு போறேன்."

அணைத்துவிட்டான்.

7

தை கடைசித் திங்கட்கிழமை நான் வேலைக்குச் சைக்கிளில் போய்ச் சேர்ந்து, கையுறையைக் கழற்றி, வெந்நீர்க் குழாயடியில் விரல்களை நீட்டிக்கொண்டிருந்தபோது யாழினியின் செய்தி வந்தது. 'போகலை. வீட்லதான் இருக்கா.' அந்த நேரத்தில்தான் விரல்களுக்கு உயிர் திரும்பிக்கொண்டிருந்தது. இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், மரத்துப் போகும்போது அவ்வளவு வலிக்காது. திரும்பி வரும்போதுதான். நான் கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்த பெண், குளிரா என்று கேட்டாள். ஜில்லிட்டுப் போனவள் என்றேன். தலையாட்டினாள்.

பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. சேகர் இன்னும் என்னைக் கூப்பிடவில்லை. மித்ரா என்ற பெயரை அவன் இன்னும் சொல்லவில்லை, அவளோடு பேச்சும் இல்லை. புடவையைக் கொண்டு வந்து, சுடிதார் இருந்த அதே அலமாரித் தட்டில் வைத்துவிட்டு, கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தானாம். வளர்மதி சொன்னாள். யாரும் அதைப் பிரிக்கவில்லை. ஓசூர் அண்ணனுக்குப் போன் செய்து, பட்டறைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டானாம். காரணம் சொல்லவில்லையாம். இனி என்ன சிகிச்சை, எப்போது, வேண்டுமா என்பதெல்லாம் மித்ராவும் மருத்துவரும் பேச வேண்டியவை. அதற்கு முன் அவள் அப்பா அவளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். பேசுவானா, எனக்குத் தெரியாது. கூடும்.

சுருக்கம் அச்சுக்குப் போய்விட்டது. பாரிஸில் இருக்கும் ஒரு அம்மா அதைப் படித்தார். அந்த வாக்கியத்தை ஒரே மூச்சில், ஒரு இடத்திலும் நிற்காமல் படித்துவிட்டு, நன்றாகப் புரிகிறது என்றார். ஓரத்தில் எழுதியிருந்த என் குறிப்பை அடித்துவிட்டேன். வாக்கியத்தை உடைக்கவில்லை.

இதை ஊரில் இருப்பவர்களுக்காக எழுதட்டுமா என்று மித்ராவிடம் கேட்டேன். இந்தத் தடவை யாழினி வழியாக இல்லை, நானே. பதிலாக ஒரு குரல்பதிவு வந்தது.

"எழுது அத்த. எம் பேரு அதுவே இருக்கட்டும். எங்கப்பா பேர மட்டும் மாத்திடு. அவரு நாளைக்கும் கடையில பொடவ போட்டுக்கினு நிக்கணும்."

மாற்றிவிட்டேன்.